நட்டக் கணக்கும் கணக்கே

குற்றம் குறைந்தது என்றால் அது செய்தி. குறையவில்லை என்றால் அது செய்தியன்று. நாளேடுகளின் இந்த வழக்கத்தை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அன்றாடம் புதுமை தேட வேண்டிய தொழில் அவர்களுடையது என்று விட்டுவிடுகிறோம். ஆனால், உண்மையைக் காண்பதற்கென்றே நாடு பொருள் கொடுத்து வளர்க்கும் ஆராய்ச்சி உலகிலும் இதே வழக்கம் வேரூன்றி நிற்கிறது என்று அறியும்போது, அதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியவில்லை. ஒரு திட்டம் பயன் தந்தது என்று கண்டவரின் கட்டுரை அச்சேறுகிறது. பயன் தரவில்லை என்று கண்டவரின் கட்டுரை மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. அறிஞர்கள் இதனை வெளியீட்டுச் சாய்வு என்கிறார்கள். ராபர்ட் ரோசந்தால் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் 1979-ஆம் ஆண்டில் இதற்கு 'இழுப்பறைச் சிக்கல்' என்றே பெயர் சூட்டினார்.

வணிகத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்குப் பேரேட்டின் அருமை தெரியும். என் பாட்டனார் கடைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த புத்தி ஒன்று எங்கள் வீட்டில் இன்றும் வழங்குகிறது: "லாபம் வந்த நாளில் கணக்கெழுத மறந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம், நட்டம் வந்த நாளில் மறந்தால் அடுத்த கொள்முதலிலும் அதே சரக்கைத்தான் வாங்குவாய்." கடைக்காரர் லாபத்தை மட்டும் எழுதி வைத்தால் நட்டம் அவரோடு போகும். குற்றத்தைத் தடுக்கும் வழிகளை ஆராய்பவர்கள் அவ்வாறு எழுதினாலோ, நட்டம் தெருவில் நடக்கும் மூதாட்டிக்கும், காவல் நிலையத்துக்கு அழைக்கப்படும் இளைஞனுக்கும், வரி கட்டும் நம் அனைவருக்கும் வந்து சேர்கிறது.

இதைப் பற்றி நான் எண்ணத் தொடங்கியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது எங்கள் தெரு. மயிலாப்பூரில் கச்சேரி சாலையை ஒட்டிய சிறு தெருவொன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். வைகறையில் பால் வாங்கப் போன அம்மையார் ஒருவரின் கழுத்துச் சங்கிலியை, இருசக்கர வண்டியில் வந்த இருவர் ஒரு நாள் அறுத்துக்கொண்டு போனார்கள். அன்று மாலையே தெருவாசிகள் கூடினோம். கண்காணிப்புக் காமிரா பொருத்துவது, அதற்கு வீட்டுக்கு வீடு பணம் திரட்டுவது என்று பேச்சு நடந்தது. "பக்கத்துத் தெருவில் காமிரா பொருத்தினார்கள், அதன்பின் ஒரு திருட்டுக்கூட இல்லை" என்றார் ஒரு பெரியவர். "காமிரா பொருத்தாத அடுத்த தெருவில் எத்தனை திருட்டு நடந்தது, ஐயா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கூடியிருந்த எவருக்குமே தெரியவில்லை. அந்தத் தெருவிலும் திருட்டு நடக்காமலே இருந்திருக்கலாம் அல்லவா? அப்படியானால் புகழ் காமிராவைச் சேருமா, காலத்தைச் சேருமா?

எங்கள் தெருவின் கேள்வி இந்த மாநகரத்தின் கேள்வியுமாகும். 2017-இல் சென்னை மாநகரக் காவல் ஆணையராகப் பொறுப்பேற்ற ஏ. கே. விசுவநாதன் அவர்களின் காலத்தில் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் நகரெங்கும் கண்காணிப்புக் காமிராக்கள் பொருத்தப்பட்டன. வணிகர்களும் குடியிருப்போர் சங்கங்களும் கைப்பணம் தந்தார்கள். சங்கிலிப் பறிப்புகள் குறைந்தன என்று காவல் துறை அறிவித்தது. காமிராப் படத்தைக் கொண்டு குற்றவாளிகளைக் கண்டுபிடித்த வழக்குகளும் பல. அதை எவரும் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும், திருடனைப் பிடிக்கத் துணை செய்வது வேறு. திருட்டே நிகழாமல் தடுப்பது வேறு. ஒரே காலத்தில் ரோந்து கூடியிருக்கலாம். பறிப்பதையே தொழிலாகக் கொண்ட கூட்டம் ஒன்று பிடிபட்டுச் சிறையில் இருந்திருக்கலாம். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகு காமிராவின் பங்கு எவ்வளவு என்று சொல்ல, காமிரா இல்லாத தெருவையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவ்வாறு எண்ணிப் பார்த்த நாடு பிரிட்டன். அங்கே அரசு பெரும் பொருள் செலவிட்டு நகரங்களில் காமிராக்களைப் பொருத்தியது. பின்னர் அவ்வரசின் உள்துறையே ஆய்வுக்கும் ஏற்பாடு செய்தது. 2005-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஆராயப்பட்டவை 13 காமிரா அமைப்புகள். அவற்றுள் ஆறு இடங்களில், ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பகுதியைவிடக் குற்றம் ஓரளவு குறைந்திருந்தது. ஆனால், தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவு குறைந்தவை இரண்டு இடங்களே. அவ்விரண்டில் ஒன்றுக்கும் வேறு காரணம் கூற இடமிருந்தது. தன் செலவின் பலன் இவ்வளவுதான் என்று ஓர் அரசு தானே அச்சிட்டு வெளியிட்டது எளிய செயலன்று. நாற்பது ஆண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த மதிப்பீடு, சராசரியாக 13 விழுக்காடு குற்றம் குறைவதாகக் கண்டது. அதிலும் பயன் மிகுந்த இடம் வண்டி நிறுத்துமிடங்களே. அடிதடி போன்ற வன்செயல்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இவ்வளவு நுட்பமாக இன்று பேச முடிகிறது என்றால், பயன் காணாத இடங்களின் கணக்கையும் எவரோ மறைக்காமல் எழுதி வைத்ததே காரணம்.

இரண்டாவது காரணம் என் தங்கை மகள். அடையாற்றில் இருக்கிறாள், குற்றவியல் முதுநிலை மாணவி. ஆய்வேட்டுக்காக அவள் மயிலாப்பூரில் காமிரா உள்ள சில தெருக்களையும், அவற்றை ஒத்த காமிரா இல்லாத சில தெருக்களையும் எடுத்துக்கொண்டாள். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, கடந்த ஆண்டுகளில் யாருக்கு என்ன களவு போயிற்று என்று கேட்டு எழுதினாள். எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்துதான் பல நாள் அந்தக் குறிப்புகளைச் சரிபார்த்தாள். முடிவில் இரு வகைத் தெருக்களுக்கும் இடையே வேறுபாடு எதையும் அவளால் காண முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஸலாம் சொல்லி உள்ளே வந்தவளின் முகம் வாடியிருந்தது. "ஒன்றும் கிடைக்கவில்லையே, மாமா! இதைக் கட்டுரையாக அனுப்பினால் எந்த ஏடும் போடாது, வேறு தலைப்பு எடுத்துக்கொள் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார்" என்றாள். அந்தக் கல்லூரியின் பெயரோ, ஆசிரியரின் பெயரோ இங்கு வேண்டியதில்லை. அவர் கொடியவருமல்லர், மாணவியின் எதிர்காலத்தை எண்ணித்தான் அவ்வாறு சொல்லியிருப்பார். அவர் கண்ட உலகம் அப்படி. அதுவே கவலைக்குரியது. தவறு செய்பவர் என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாமலே ஒரு பெரிய தவறு நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வேறுபாடு காணப்படவில்லை என்பதும், வேறுபாடே இல்லை என்று நிறுவப்பட்டது என்பதும் ஒன்றல்ல. சில தெருக்களை மட்டும் எண்ணிப் பார்த்த ஆய்வு சிறியது. சிறு தராசில் சிறு எடை தெரியாது. என் மருமகளின் ஆய்வேட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு காமிராவால் பயனில்லை என்று தீர்ப்புக் கூற முடியாது. அவளும் அவ்வாறு கூறவில்லை. ஆனால், தியாகராயநகரில் ஒருவர், திருச்சியில் ஒருவர், மதுரையில் ஒருவர் என்று பத்துப் பேர் செய்யும் சிறு ஆய்வுகளை ஒன்றுசேர்த்தால் அது பெரிய தராசாகிவிடும். அந்தப் பத்தில் வேறுபாடு காணாத எட்டையும் இழுப்பறையில் போட்டுவிட்டு, எஞ்சிய இரண்டை மட்டும் தராசில் வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும்?

இந்தச் சாய்வு எவ்வாறு பிறக்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். புள்ளியியல் அறிஞர் ஆர். ஏ. பிஷர் 1925-இல் வெளியிட்ட நூலின் வாயிலாகப் பரவிய வழக்கம் ஒன்று உண்டு. உண்மையில் வேறுபாடே இல்லாதபோது, தற்செயலாக இத்தகைய முடிவு கிடைக்கும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தால், அந்த முடிவைப் பொருட்படுத்தலாம் என்பது அது. நல்ல எல்லைதான். ஆனால், சிறிதும் பயனற்ற ஒரு திட்டத்தை இருபது ஊர்களில் சோதித்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஏறத்தாழ ஓர் ஊரில், தற்செயலாகவே வேறுபாடு தென்படும். அது நல்ல பக்கமாக வாய்த்துவிட்டால் அந்த ஊர்க் கட்டுரை அச்சாகும். பத்தொன்பது ஊர்களின் கட்டுரைகள் உறங்கும். இருபத்தோராவது ஊரின் அதிகாரி நூலகத்துக்குச் சென்று தேடினால் அவர் காண்பது ஒரே கட்டுரை. அது வெற்றி முழக்கம் செய்யும். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவர் ஏமாந்துபோகிறார்.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. அமெரிக்காவில் ஒரே நிதியுதவித் திட்டத்தின்கீழ் நடத்தப்பட்ட 221 சமூக அறிவியல் ஆய்வுகள் பின்னர் என்னவாயின என்று மூவர் தேடிப் பார்த்து, 2014-இல் 'சயன்ஸ்' ஏட்டில் எழுதினார்கள். வலுவான முடிவு கண்ட ஆய்வுகளில் பத்துக்கு ஆறு அச்சேறியிருந்தன. வேறுபாடு காணாத ஆய்வுகளில் ஐந்தில் ஒன்றே அச்சேறியிருந்தது. அதைவிட வியப்பு, வேறுபாடு காணாதவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகே எழுதப்படவே இல்லை என்பது. ஏடுகள் திருப்பி அனுப்பியதால் அல்ல. திருப்பி அனுப்புவார்கள் என்று எண்ணி ஆய்வாளர்களே பேனாவை மூடிவைத்துவிட்டார்கள்.

மற்றத் துறைகளைவிடக் குற்றவியலில் இந்த மௌனம் கொடியது. காரணம், நல்லெண்ணத்தோடு செய்த செயல் தீங்காகவும் முடியலாம் என்பது. அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்னும் இரு நகரங்களில், ரிச்சர்ட் கபாட் என்ற மருத்துவர் வகுத்த திட்டம் 1939-இல் தொடங்கியது. சிறுவர்கள் குற்ற வழியில் போகாமல் காப்பது அதன் நோக்கம். 506 சிறுவர்களை, ஒருவரையொருவர் ஒத்த இருவர் இருவராகப் பிரித்தார்கள். நாணயம் சுண்டிப் பார்த்து, ஒவ்வோர் இணையிலும் ஒருவனுக்கு மட்டும் உதவி அளித்தார்கள். வீடு தேடி வரும் அறிவுரையாளர், பாடம் சொல்லித் தருதல், மருத்துவம், கோடை முகாம் என்று 1945 வரை கனிவோடு நடந்தது அந்தப் பணி.

ஜோன் மெக்கார்டு என்ற அம்மையார் முப்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சிறுவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, 1978-இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்கள் நடுத்தர வயதை எட்டியிருந்தார்கள். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர், அந்தத் திட்டம் தங்களுக்கு நன்மை செய்தது என்று நன்றியோடு கூறினார்கள். எண்களோ வேறு கூறின. குற்றம் செய்தோரின் அளவில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடில்லை. மீண்டும் மீண்டும் குற்றம் செய்தல், மதுப் பழக்கம், இளம் வயதிலேயே இறத்தல் போன்றவற்றில் உதவி பெற்றவர்களின் நிலையே தாழ்ந்திருந்தது. பயன் பெற்றவர்களின் நன்றியுரைகளை மட்டும் தொகுத்திருந்தால் அந்தத் திட்டம் உலகமெங்கும் பரவியிருக்கும். கசப்பான கணக்கை வெளியிடும் துணிவு ஒருவருக்கு இருந்ததால், பிள்ளைகளை நல்வழிப்படுத்தும் எந்த முயற்சியையும் அளந்து பார்க்கவேண்டும் என்ற எச்சரிக்கை இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது.

நம் தமிழகத்துக்கு வருவோம். 1993-இல் இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் அவர்கள் 'காவல் துறை நண்பர்கள்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். பொதுமக்களும் காவலரும் நெருங்கினால் நம்பிக்கை வளரும், குற்றம் குறையும் என்ற நல்லெண்ணம் அதன் அடிப்படை. மாநிலமெங்கும் அது பரவியது, பாராட்டுகளும் வந்தன. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையக் கொடுமைக்கு ஆளாகி இறந்தபோது, அந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்கள்மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே அரசு அதனைத் தடை செய்தது. அந்தக் கொடுமை கண்டு கொதிக்காத நெஞ்சம் இல்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: ஓர் இயக்கம் ஆர்வத்தால் பரவி, அதிர்ச்சியால் முடிந்தது. இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுகளில் அது நம்பிக்கையை வளர்த்ததா என்ற கேள்விதான் முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டியது.

இதே கேள்வியைப் பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் ஒரே நேரத்தில் ஆராய்ந்தார்கள். மக்களோடு காவலர் நெருங்கிப் பழகும் முறையைச் சில பகுதிகளில் செயற்படுத்தி, செயற்படுத்தாத பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். எவற்றை அளப்பது என்பதை முன்கூட்டியே பதிவு செய்தார்கள். முடிவு 2021 நவம்பரில் 'சயன்ஸ்' ஏட்டில் வந்தது: மக்களின் நம்பிக்கை வளரவில்லை, குற்றமும் குறையவில்லை. உலகமெங்கும் புகழப்பட்ட ஒரு முறை, இந்நாடுகளில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்ற அந்தச் செய்தி முழுமையாக அச்சேறியது. முன்பதிவு இருந்ததால் அதை மறைக்க வழியும் இல்லை.

பயன் காணாத முடிவு வெறும் சுழியன்று. ஏன் பயன் தரவில்லை என்ற அறிவும் அதற்குள் இருக்கிறது. இராஜஸ்தான் மாநிலத்தில் 162 காவல் நிலையங்களில், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, காவல் உயர் அதிகாரி நீனா சிங் ஆகியோர் வேறு சிலருடன் சேர்ந்து நடத்திய சோதனை இதற்குச் சான்று. காவலருக்குப் பயிற்சி அளித்தது பயன் தந்தது. அடிக்கடி நேரும் இடமாற்றத்தை நிறுத்தியதும் ஓரளவு துணை செய்தது. ஆனால் வார விடுமுறை, பணிச் சுழற்சி, நிலையத்தில் பொதுமக்கள் பார்வையாளராக அமர்தல் ஆகியவற்றால் மாற்றம் விளையவில்லை. அவை நிலையப் பொறுப்பாளரின் அதிகாரத்தைக் குறைப்பவை. ஆகையால் அவை சரிவர நடைமுறைக்கே வரவில்லை என்பதை ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்கள். அடுத்து வரும் சீர்திருத்தக்காரருக்கு இதைவிடப் பயனுள்ள குறிப்பு எது?

வேறுபாடு காணாத முடிவையும் உலகம் மதிக்கும் என்பதற்கு நம் சென்னையிலேயே சான்று இருக்கிறது. துறை வேறு என்றாலும் பாடம் ஒன்றுதான். இங்குள்ள ஏழை உழைப்பாளர்கள் இரவில் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரமே உறங்குகிறார்கள் என்று கண்ட ஆய்வாளர்கள், அவர்களுக்கு மெத்தை, மின்விசிறி, காதடைப்பான், ஊக்கத்தொகை ஆகியவற்றைக் கொடுத்து உறக்கத்தை 27 நிமிடம் கூட்டினார்கள். வேலைத் திறனும் நலமும் பெரிதும் உயரும் என்பது வல்லுநர்களின் கணிப்பு. உயரவில்லை. பணியிடத்தில் அரை மணி நேரம் பகலில் கண்ணயர்ந்ததே பயன் தந்தது. 2021-இல் பொருளியலின் முதன்மையான ஏடுகளுள் ஒன்று அதை வெளியிட்டது.

ஆகவே, வழி இல்லாமல் இல்லை. இந்தியாவில் மருந்துச் சோதனைகளைத் தொடங்குமுன் பதிவு செய்யும் ஏடு 2007-இல் திறக்கப்பட்டு, 2009-இல் அந்தப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. மருந்து உடலுக்குள் செல்கிறது. குற்றத் தடுப்புத் திட்டமோ தெருவுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் செல்கிறது. இதற்கும் அத்தகைய முன்பதிவு வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேடுகள், முடிவு எதுவாயினும், 'சோத்கங்கா' என்னும் மின்களஞ்சியத்தில் இடம்பெறுகின்றன. முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளையும் ஒவ்வொரு கல்லூரியும் தன் அளவிலேனும் தொகுத்துப் பிறர் பார்வைக்கு வைக்கலாம். அதற்குப் பெரும் பொருள் வேண்டாம், மனம் வேண்டும்.

எங்கள் தெருவில் காமிரா பொருத்துவது என்றே முடிவாயிற்று. நானும் என் பங்கைக் கொடுத்தேன். கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கினோம். எங்கள் தெருவில் நிகழும் களவையும், காமிரா இல்லாத பக்கத்துத் தெருவில் நிகழும் களவையும், நாளும் நேரமும் இட்டு அதில் எழுதி வருகிறோம். முதலில் காமிராவுக்காக வாதாடிய பெரியவர்தான் அந்தப் புத்தகத்துக்குப் பொறுப்பாளர். ஒரு களவும் இல்லாத மாதத்திலும் 'இல்லை' என்று எழுதிக் கையொப்பமிடுகிறார்.

என் மருமகள் தலைப்பை மாற்றவில்லை. "நீ கண்டதைக் கண்டபடி எழுதம்மா; எத்தனை தெரு, எத்தனை வீடு என்பதையும் மறைக்காமல் எழுது" என்றேன். அவ்வாறே எழுதிக்கொண்டிருக்கிறாள். எந்த ஏடு ஏற்கும் என்று அவளுக்கும் தெரியாது. இந்தப் பக்கங்களைப் படிக்கும் இல்லங்களில் கல்லூரிக்குச் செல்லும் மக்கள் இருப்பார்கள். "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று அவர்கள் ஒரு நாள் வாடிய முகத்தோடு வந்து நின்றால், தோற்றுப்போன பிள்ளையாக அவர்களைப் பார்க்காதீர்கள். "எங்கே தேடினாய், எப்படித் தேடினாய்?" என்று அருகே அமர்த்திக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்து அதே வழியில் வர இருப்பவருக்கு அது வேண்டியிருக்கும்.